கூரைக் கணக்கு – 9: வேன் போகும் தூரம்

சென்ற வாரம் 1984-இல் நிறுத்தியிருந்தோம். பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் நடத்திய 127 நாள் வேலைநிறுத்தம் முடிந்து, கம்பெனிக் கதவுகள் மறுபடி திறந்தன. திறந்த கதவுக்குப் பின்னால் இருந்தது பழைய கம்பெனி இல்லை.

பழைய கம்பெனியில் பின்னலும் வெட்டலும் தையலும் பெரும்பாலும் ஒரே காம்பவுண்டுக்குள் நடந்தன. இப்போது நிட்டிங் ஒருவர், பிளீச்சிங் ஒருவர், சாயம் இன்னொருவர், தைத்துக் கொடுப்பவர் வேறொருவர் என்று அது துண்டுதுண்டானது. இந்தப் போக்கு வேலைநிறுத்தத்துக்கு முன்பே தலைகாட்டியதுதான். அதற்குப் பின்னால் வேகம் பிடித்தது. இருநூறு பேர் நுழைந்த ஒரு வாசல் போய், இருபது பேர் நுழையும் பத்து வாசல்கள் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஜாப் ஒர்க் முதலாளி அல்லது ஒரு காண்ட்ராக்டர். நேற்றுவரை மிஷினில் உட்கார்ந்து தைத்தவரே இன்று நான்கு பவர் டேபிள் போட்டு முதலாளி ஆனார். இப்படி உழைப்பாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்களின் கதையை ஷரத் சாரி 2004-இல் வந்த தன் ஆய்வுநூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டைப் பற்றிய தொடரில் இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வீட்டின் கதை திசைமாறியதே இங்கேதான்.

மதுரைக்குப் பக்கத்தில் ஹார்விப்பட்டி இருக்கிறது. மில் நிர்வாகம் தன் தொழிலாளிகளுக்காக எழுப்பிய குடியிருப்பு. மில் முதலாளிகளின் பெயரையே ஊர்ப்பெயராகச் சுமக்கிறது. 1952-இல் மத்திய அரசு தொழிற்சாலைத் தொழிலாளர் வீட்டுக்கு மானியத் திட்டம் கொண்டுவந்தபோது அதன் மனத்தில் இருந்ததும் இப்படிப்பட்ட மில்தான். ஒரு வாசல், ஒரு மஸ்டர் ரோல், ஒரு நிர்வாகம்.

திருப்பூரில் முதலாளிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இந்தத் தொழிலாளி எந்த முதலாளியின் தொழிலாளி என்று கேட்டால் பதில் வாரத்துக்கு வாரம் மாறும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர் திங்கட்கிழமை வேறு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு எந்தக் கம்பெனி வீடு கட்டும்?

* * *

பத்துக்குப் பத்து

1985-இல் திருப்பூரின் நேரடி ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய் என்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அது பத்தாயிரம் கோடியைத் தாண்டியது. அந்த வளர்ச்சியை ஓர் ஊர் எங்கே வைத்துக்கொள்ளும்?

நகராட்சியின் பரப்பு வெறும் 27 சதுர கிலோமீட்டர்தான். 1991-இல் ஏறத்தாழ 2.35 லட்சம் பேர், 2001-இல் 3.44 லட்சம் பேர். இது நகராட்சி எல்லைக்குள் எண்ணப்பட்ட தலைகள். ஊர் உண்மையில் வளர்ந்தது எல்லைக்கு வெளியே, வேலம்பாளையத்திலும் நல்லூரிலும் சுற்றுப் பஞ்சாயத்துகளிலும். 2011-இல் இவற்றையெல்லாம் மாநகராட்சியோடு சேர்த்த பிறகு எண்ணிக்கை 8.77 லட்சத்தைத் தொட்டது.

வந்தவர்களுக்கு இடம் கொடுத்தது லைன் வீடு. தோட்டத்தில் கிணறு வற்றிப்போன விவசாயி, கடைசி ஏக்கரை விற்க மனமில்லாமல், அதில் வரிசையாகப் பத்து அறை கட்டி வாடகைக்கு விட்டார். பத்துக்குப் பத்து அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசலில் ஒரு நீல டிரம், அதுதான் அந்தக் குடும்பத்தின் தண்ணீர்த் தொட்டி. கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றோ இரண்டோ கக்கூஸ். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தாலே எத்தனை பேர் எட்டரை ஷிப்டுக்குப் போகிறவர்கள் என்று சொல்லிவிடலாம்.

லைன் வீட்டுக்காரரைத் திட்டுவது எளிது. எனக்கு அதில் விருப்பம் இல்லை. அரசும் கட்டாத, கம்பெனியும் கட்டாத லட்சக்கணக்கானோரின் கூரையை அவர்தான் கட்டினார். அதேசமயம், அறை கேட்டுப் போனவரிடம் அட்வான்ஸ் எவ்வளவு தருவாய் என்று கேட்பதற்கு முன்பே, “நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?” என்று கேட்டவரும் அவர்தான். பதில் பிடிக்காவிட்டால் அறை காலி இல்லை. கதவில் பூட்டுத் தொங்கினாலும் காலி இல்லை.

அதனால் திருப்பூரில் வேலை கிடைத்த எல்லோருக்கும் திருப்பூரில் வீடு கிடைத்துவிடவில்லை.

* * *

1995: மூட்டையில் என்ன?

இனிக் கொஞ்சம் மெதுவாகப் போவோம். திருப்பூர் வட்டாரத்தைத் திட்டமிட்டு வளர்க்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசிய காலம் இது.

1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் பிறந்தது. நிறுவனர் தலைவர் ஏ. சக்திவேல். ஏற்றுமதி ஏறிக்கொண்டிருந்தது, தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நொய்யல் சாக்கடையாகிவிட்டது, கிணறுகளில் உப்பு. சாயப்பட்டறைகள் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கித் துணிக்குச் சாயம் ஏற்றின. லாரி வராத நாள் சாயம் இல்லை. சாயம் இல்லாத வாரம் ஷிப்மெண்ட் இல்லை.

1995-இல் ஒரு கம்பெனி பதிவானது. பெயர் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம். தமிழக அரசின் தொழில் உள்கட்டமைப்பு நிறுவனமான டாசிட், ஏற்றுமதியாளர் சங்கம், நிதி நிறுவனமான ஐ.எல். அண்டு எஃப்.எஸ். ஆகிய மூன்றும் கைகோத்தன. தண்ணீர் வழங்கலில் அரசும் தனியாரும் கூட்டுச் சேர்ந்த இந்தியாவின் முதல் பெரிய முயற்சி என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இதைக் காட்டுகிறார்கள்.

பெயரை இன்னொரு முறை படியுங்கள். பகுதி மேம்பாடு.

இந்த இடத்தில், தாராபுரம் பக்கத்துக் குண்டடத்தின் வடுகநாதர் கோயில் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. மிளகு மூட்டைகளோடு போன வணிகனிடம், கிழவர் வேடத்தில் வந்த பைரவர் கொஞ்சம் மிளகு கேட்டாராம். மூட்டையில் இருப்பது பச்சைப்பயறு என்று வணிகன் பொய் சொன்னான். ஊர் போய்ச் சேர்ந்து அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பயறுதான் இருந்தது. சொன்ன சொல்லே சரக்காகிவிட்டது.

திருப்பூரில் நடந்தது தலைகீழ். மூட்டையின் மேல் எழுதியிருந்தது பகுதி மேம்பாடு. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே குழாய்.

குறைத்துச் சொல்லவில்லை. அது பிரமாதமான குழாய். 2002-இல் நிதி கூடிவந்து, மகிந்திரா, பெக்டெல் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து, ஏறத்தாழ 1,023 கோடி ரூபாய்ச் செலவில், 2005-இல் பவானிப் பக்கத்துக் காவிரியிலிருந்து தண்ணீர் திருப்பூருக்கு வந்தது. நாள் ஒன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திறன். வழியோரக் கிராமங்களுக்கும் பங்கு. நகரத்துக்குப் பாதாளச் சாக்கடை, குடிசைப் பகுதிகளுக்குக் கழிப்பிட வசதி என்று சில நல்ல காரியங்களும் திட்டத்தில் இருந்தன.

விலை வைத்த விதத்தில்தான் அதன் சாமர்த்தியம். சாயப்பட்டறைக்கு ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் என்று விலை வைத்தார்கள். வீட்டுக்கும் கிராமத்துக்கும் அதில் ஒரு சிறு பங்குதான். பணம் உள்ளவன் கொடுக்கும் கூடுதல் விலையில் இல்லாதவன் வீட்டுக் குழாயும் ஓடும்.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் அதையே கூரைக்கும் போட்டிருக்கலாம் என்பது என் ஆற்றாமை. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சட்டைக்கும் சில காசு, அதைக் கொண்டு ஒரு வட்டார வீட்டு நிதி, அதிலிருந்து பல்லடத்திலும் காங்கயத்திலும் தாராபுரத்திலும் வாடகைக் குடியிருப்புகள். கேட்டால் கனவு போலத் தோன்றும். பவானியிலிருந்து திருப்பூருக்குத் தனியாரும் பணம் போட்டுத் தண்ணீர் வரும் என்பதும் 1990-இல் கனவுதானே?

ஏன் போடவில்லை? தண்ணீர் இல்லாவிட்டால் முதலாளியின் சரக்கு நிற்கும். படுக்க இடம் இல்லாவிட்டால் சரக்கு நிற்காது. தொழிலாளி எப்படியோ ஓர் இடம் பார்த்துக்கொள்வார். தண்ணீர்ப் பஞ்சத்தின் செலவு டேங்கர் லாரி பில்லாக முதலாளியின் மேசைக்கு வந்தது. வீட்டுப் பஞ்சத்தின் செலவுக்கு எந்த மேசையிலும் பில் கிடையாது. அது தொழிலாளியின் தூக்கத்திலிருந்து கழிந்தது.

குழாய் வடக்கிலிருந்து வந்தது. அந்த மிளகுக் கதையின் குண்டடம் இருப்பது தெற்கே.

* * *

குண்டடம், காலை ஆறரை

தாராபுரம் வட்டத்தில் உள்ள குண்டடம் ஒரு ஒன்றியத் தலைமையிடம். மழை மறைவு நாடு. கிளுவை வேலி அடைத்த கொறங்காடுகள், அதற்குள் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், மேயும் காங்கயம் மாடு. தண்ணீர் இருந்தால் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். இல்லாவிட்டால் மானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பக்கத்தில் உப்பாறு அணை இருக்கிறது. பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்தின் உபரியையும் மழையையும் நம்பிய அணை. அதற்குத் தண்ணீர் விடச் சொல்லி விவசாயிகள் சாலையில் உட்காருவது இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சி.

2002 தொடங்கி அடுத்தடுத்து மழை பொய்த்தது. காட்டு வேலை போனது. அந்த வெற்றிடத்தில் நுழைந்தது வேன்.

கம்பெனி வேன் அதற்கு முன்பும் இருந்தது. பல்லடம், அவிநாசி என்று பக்கத்து ஊர்களைத் துழாவிக்கொண்டிருந்தது. 2000-க்குப் பிறகு அதன் வட்டம் பெரிதானது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் தாண்டி குண்டடம், சூரியநல்லூர், ருத்ராவதி என்று சந்துபொந்தெல்லாம் வர ஆரம்பித்தது. திருப்பூர்க் கம்பெனி மட்டுமில்லை, வழியிலிருந்த நூற்பாலைகளும் வேன் அனுப்பின.

ஒரு மார்கழிக் காலையில் குண்டடத்தில் வேன் நிற்கும் இடத்தில் நின்றிருக்கிறேன். டீக்கடை பாய்லருக்கு அப்போதுதான் தீ மூட்டியிருந்தார்கள். ஸ்வெட்டர் போட்ட பெண்கள், தலையில் துண்டு கட்டிய இரண்டு பையன்கள், கையில் ஒயர் கூடை. கூடைக்குள் இரண்டு டிபன் பாக்ஸ். ஒன்று மதியத்துக்கு. இன்னொன்று ஒன்றரை ஷிப்ட் ஓடினால் சாயங்காலப் பசிக்கு. திருப்பூரில் நேரத்தை ஷிப்டில்தான் சொல்வார்கள். ஒன்றரை என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரை, ஒன்பதுக்கு எழுந்திருப்பது.

“வண்டி வந்துருச்சுங்களா?”

“இன்னும் இல்லீங்க்கா. மேட்டுல திரும்புது.”

வேனின் முன்கண்ணாடியில் கம்பெனிப் பெயர் ஒட்டிய காகிதம். டிரைவர் இறங்கவில்லை. ஒருத்தியைக் காணோம் என்று போனில் ஒரு மிஸ்டு கால் விட்டார், ஒரு நிமிடம் பார்த்தார், கிளம்பிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அன்றைய சம்பளம் அந்த ஒரு நிமிடத்தோடு போயிற்று.

ஆறரைக்குப் போன வேன் ஒன்றரை ஷிப்ட் முடிந்து திரும்ப இரவு பத்தாகும். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆள் வீட்டில் இல்லை. அந்தப் பதினைந்தில் மூன்று வேனில் கழிகிறது.

ஆனாலும் வேனுக்குரிய மரியாதையை வேனுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இங்கே பலர் அதை விரும்பி ஏறினார்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கீர்ட் டி நீவும் கிரேஸ் கார்ஸ்வெல்லும் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்தவர்கள். விசைத்தறி உரிமையாளரிடம் அட்வான்ஸ் வாங்கிக் கட்டுண்டு கிடந்த தலித் குடும்பங்களையும், தினமும் திருப்பூருக்குப் போய்வந்து ஊர்ப் பண்ணையக்காரரின் பிடியிலிருந்து விலகிய தலித் குடும்பங்களையும் அவர்கள் அடுத்தடுத்த ஊர்களில் கண்டு எழுதியிருக்கிறார்கள். வேனில் யாரும் “என்ன ஆளுங்க?” என்று கேட்பதில்லை. இடம் இருந்தால் உட்காரலாம். லைன் வீட்டைவிட அந்த ஒரு விஷயத்தில் வேன் மேல்.

இன்னொன்றும் உண்டு. ரேஷன் கார்டு ஊரில். ஓட்டு ஊரில். ஆடு இரண்டு ஊரில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அமுச்சி ஊரில். வேன் இருந்தால் இதில் எதையும் விட வேண்டியதில்லை.

* * *

யார் கட்டிய குவார்ட்டர்ஸ்?

இந்தத் தொடருக்காகப் பழைய வீட்டுத் திட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1985 முதல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம். 2010-இல் ஆறு ஆண்டுகளில் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவோம் என்று தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011-இல் ஆட்சி மாறியதும் 300 சதுர அடியில் 1.80 லட்சம் ரூபாயில் சோலார் விளக்கோடு பசுமை வீடு. 2016 முதல் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம். எல்லாம் ஊரக வளர்ச்சித் துறையின் வழியாக, ஒன்றிய அலுவலகத்தின் வழியாக, சொந்தமாக மனையும் பட்டாவும் உள்ள ஊர்க்காரருக்கு வந்தவை.

குண்டடம் ஒன்றியத்துக் காலனிகளில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு ஆட்சியின் வீடும் அதன் வண்ணமும் பெயர்ப்பலகையுமாக வரிசையில் நிற்கும். விவசாயக் கூலிக்காரர் குடிசையிலிருந்து மீள வேண்டும் என்று போட்ட திட்டங்கள் அவை. அந்த வீடுகளிலிருந்து விடிகாலையில் வெளியே வருகிறவரோ ஓவர்லாக் டெய்லர், செக்கிங் பெண், அயர்ன் மாஸ்டர், கைமடி என்னும் உதவியாள்.

ஊரக வளர்ச்சித் துறை தனக்கே தெரியாமல் பனியன் கம்பெனிக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி கொடுத்தது டீசல் மட்டும்.

திருப்பூர் வட்டாரத்துக்கு வீட்டுவசதிக் கொள்கை இருந்ததா என்று கேட்பவர்களிடம் நான் இருந்தது என்றே சொல்வேன். அதற்கு நான்கு சக்கரம், முன்கண்ணாடியில் ஒரு காகிதம்.

ஆனால் வீட்டோடு சேர்ந்து வர வேண்டிய மற்றவை வேனில் வரவில்லை. அங்கன்வாடி மாலைக்குள் மூடிவிடும், தாய் வருவது இரவு பத்துக்கு. அன்றைய 1948 தொழிற்சாலைச் சட்டப்படி முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்த இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்திருக்க வேண்டும். யூனிட் யூனிட்டாகப் பிரிந்து கிடந்த தொழிலில் எத்தனை மஸ்டர் ரோலில் முப்பது பெயர் ஏறியிருக்கும்? ஏறிய இடத்திலும், நாற்பது கிலோமீட்டர் வேனில் கைக்குழந்தையோடு எந்தத் தாய் வருவாள்?

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் சம்பளத்தில் வாராவாரம் போகும். படுக்கை வசதியுள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ அப்போது கோவை சிங்காநல்லூர் போக வேண்டியிருந்தது. திருப்பூருக்கு 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை என்று அடிக்கல் நாட்டியதே 2019 பிப்ரவரியில்தான். குண்டடத்துப் பெண் ஒருத்தி இடுப்புவலிக்குச் சிங்காநல்லூர் போய்வர வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி, இரண்டு பஸ், கூட வருபவரின் ஒரு நாள் கூலி. மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த நாள் வேனில் ஏறிவிடுவாள்.

* * *

முப்பது ஆண்டு ஓடிய கோடு

இதையெல்லாம் ஓர் அதிகாரியாவது ஒரே வரைபடத்தில் பார்த்திருக்க மாட்டாரா? பார்க்க முடியாதபடி நடுவில் ஒரு கோடு இருந்தது.

1979-இல் கோவை மாவட்டத்தைப் பிரித்துப் பெரியார் மாவட்டம் அமைத்தார்கள். பின்னாளில் ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது அதுதான். தாராபுரம் வட்டம் அதோடு போயிற்று, குண்டடமும் போயிற்று. திருப்பூர் கோவையிலேயே நின்றது. சரியாக ஏற்றுமதி எழும்பத் தொடங்கிய நேரம்.

அதனால் குண்டடத்துத் தொழிலாளி தூங்கியது ஒரு கலெக்டரின் மாவட்டத்தில், தைத்தது இன்னொரு கலெக்டரின் மாவட்டத்தில். ஈரோட்டுக் கோப்புகளில் அவர் விவசாயக் கூலி. கோவைக் கோப்புகளில் அவர் கிடையாது. வேன் தினமும் இரண்டு முறை மாவட்ட எல்லையைக் கடந்தது. கோப்பு ஒருமுறையும் கடக்கவில்லை.

சட்டத்தில் வழியில்லை என்றும் சொல்ல முடியாது. 1971-இன் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் நகரத்துக்கு ஒரு திட்டம், பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்கு ஒரு திட்டம் என்று இரண்டுக்கும் இடம் வைத்தது. நடைமுறையில் கண்ணுக்குத் தெரிந்தது நகரத்தின் நில உபயோக வரைபடம்தான். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, வயலுக்குப் பச்சை. திருப்பூர் வரைபடத்தின் ஊதா வளர்ந்துகொண்டே போனது. அந்த ஊதாவுக்கு வேண்டிய மஞ்சள் குண்டடத்தில் இருந்தது. குண்டடமோ காகிதத்தின் ஓரத்துக்கு வெளியே.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் இதே சிக்கல் நீதிமன்றம் வரை போயிற்று. மவுண்ட் லாரல் என்ற சிற்றூர். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு வாங்கக் கட்டுப்படியாகும் வீடு எழும்பாதபடி ஊர் நிர்வாகம் மனை விதிகளை வகுத்திருந்தது. எதல் லாரன்ஸ் என்ற பெண்மணி முன்னின்றார். 1975-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: ஏழைக்கு வீடு என்பது வட்டாரத்தின் தேவை, வளரும் ஒவ்வொரு ஊரும் அதில் தன் நியாயமான பங்கைச் சுமந்தே தீர வேண்டும். தொழிலின் லாபத்தை மட்டும் வைத்துக்கொண்டு தொழிலாளியைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட முடியாது.

நம் பக்கம் அப்படி ஒரு வழக்கு வரவில்லை. அதற்குப் பதில் 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டம் ஆனது. கோவையிலிருந்து திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலை. ஈரோட்டிலிருந்து தாராபுரம், காங்கயம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு குண்டடத்துத் தூக்கமும் திருப்பூர்த் தையலும் ஒரே கலெக்டரின் மேசைக்கு வந்தன.

யாராவது இரண்டையும் சேர்த்துப் பார்க்க இப்போது வாய்ப்பு இருந்தது. அவகாசம் கிடைத்ததோ இரண்டே ஆண்டு.

* * *

ஜனவரி 28

2011 ஜனவரி 28. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவால் நாசமாக்கிய வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. லைன் வீடுகளில் பூட்டுகள் தொங்கின. இந்த முறை நிஜமாகவே காலி. தெற்கத்தி மாவட்டக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். கிராமங்களுக்கு வந்த வேன்கள் குறைந்தன. அந்த ஆண்டே மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. தண்ணீருக்கு மறுபடியும் ஒரு வழி பிறந்தது.

மெல்லமெல்லப் பட்டறைகள் திறந்தன. ஆர்டர்கள் திரும்பின. வேன்கள் பழைய தடத்தில் ஆள் தேடி வந்தன. முன்பு மாதிரி ஆள் கிடைக்கவில்லை.

2008 ஏப்ரலில் இந்த மாவட்டங்களுக்கும் நூறு நாள் வேலை வந்திருந்தது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, பதினைந்து மணி நேரத்தையும் ஊர் ஏரிக்கரையையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதி கிடைத்தது. நூற்பாலை வேனும் பனியன் வேனும் ஒரே தெருவில் ஒரே பெண்ணுக்காகப் போட்டி போட்டன. படித்த பிள்ளைகள் கல்லூரிப் பேருந்துக்கு நின்றார்கள். வேன் இன்னும் தெற்கே, இன்னும் தொலைவுக்குப் போய்ப் பார்த்தது. ஒரு தூரத்துக்குமேல் அதுவும் போக முடியாது. போய்வரும் நேரம் ஷிப்டைத் தின்றுவிடும்.

கம்பெனிகள் வடக்கே பார்க்கத் தொடங்கியிருந்தன. 2000-களின் பின்பாதியிலேயே ஆரம்பித்த வரவு இப்போது பெருகியது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூர் ஸ்டேஷனில் நின்றது. பொதுப் பெட்டியிலிருந்து தோளில் ஒரு பையும், பழைய உரச் சாக்கில் கட்டிய போர்வையுமாக இளைஞர்கள் இறங்கினார்கள். வாசலில் காண்ட்ராக்டரின் ஆள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

குண்டடத்துப் பெண்ணுக்கு இரவு பத்து மணிக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அரசு கட்டிக் கொடுத்தது, வேன் கொண்டுபோய் விட்டது. இவர்களின் வீடு ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். எந்தக் கம்பெனி வேனும் இவர்களை இன்றிரவு அங்கே கொண்டுபோய் விடப்போவதில்லை.

அன்று ராத்திரி இவர்கள் எங்கே படுத்தார்கள்? அந்தக் கதவின் சாவி யாரிடம் இருந்தது?

(அடுத்த வாரம்)